ஐம்பது வெள்ளிக்குள் வெயிலில் ஓடும் ரோபோ: எங்கே தொடங்குவது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகன் படிவம் 2. வெயிலில் தானாக ஓடும் ரோபோ செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கையில் ஐம்பது வெள்ளிதான். வீடு சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில்; சாமான் வாங்க ஈப்போவுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கடையில் ஆர்டுயினோ (ரோபோவுக்கு மூளையாக வைக்கும் சின்ன கணினிப் போர்டு), மோட்டார் டிரைவர் (மூளை சொல்கிறபடி மோட்டாரை ஓட்டும் போர்டு), லித்தியம் பேட்டரி, சார்ஜிங் போர்டு, சோலார் பேனல் என்று பட்டியல் எழுதிக் கொடுத்து, நூற்று எண்பது வெள்ளி ஆகும் என்றார்களாம். "இதில் எதை விடலாம், அண்ணே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியலையே விடலாம்.

கடைக்காரர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு வகை ரோபோவுக்கு வேண்டிய சாமான்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆர்டுயினோ ஊனோ போர்டு சும்மா கிடந்தாலே ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர் தின்னும். கைக்கு அடக்கமான ஒரு சின்ன சோலார் தகடு நல்ல உச்சிவெயிலில் கொடுப்பதே 20, 30 மில்லி ஆம்பியர்தான். வருகிற சம்பளம் மூளைக்குச் சோறு போடவே பற்றவில்லை என்றால் கால் அசைக்க என்ன மிஞ்சும்? அதனால் பேட்டரி வந்தது. பேட்டரி வந்ததால் சார்ஜிங் போர்டு வந்தது. கனம் கூடியதால் பெரிய மோட்டார், அதற்கு டிரைவர். ஒன்றைத் தொட்டால் ஒன்று இழுத்துக்கொண்டு வருகிறது, நூற்று எண்பது வெள்ளி ஆகிவிடுகிறது.

நான் சொல்லப்போவது மூளையே இல்லாத ரோபோ. பேட்டரியும் இல்லை, புரோகிராமும் இல்லை. இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு மினுக்கு எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு மோட்டார், ஒரு தகடு. அவ்வளவுதான். அது நடக்கும், முட்டும், திரும்பும், மேகம் வந்தால் தூங்கும், வெயில் வந்தால் எழுந்துகொள்ளும்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் இந்த ரோபோவின் முழு இரகசியமும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். சீவிய பட்டையிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக மங்கில், அதாவது மரத்தில் மாட்டிய கிண்ணத்தில், விழுகிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் யாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. மங்கு நிறையட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம் ஒரே வீச்சில் வாளியில் கவிழ்ப்பார்கள். சின்னத் தகட்டிலிருந்து வரும் மின்சாரமும் அப்படிச் சொட்டுகிற பால்தான். நேராக மோட்டாருக்குக் கொடுத்தால் மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு அப்படியே நிற்கும். கெப்பாசிட்டர் என்கிற மங்கில் பிடித்து வைத்து, நிறைந்ததும் மொத்தமாகக் கவிழ்த்தால் மோட்டார் ஒரு துள்ளு துள்ளும். மங்கு காலி, மறுபடி சொட்டு. இந்தச் சேர்த்துக் கவிழ்க்கும் சர்க்யூட்டைத்தான் சோலார் எஞ்சின் என்கிறார்கள்.

இந்த வழியைப் பரப்பியவர் மார்க் டில்டன் என்ற கனடாக்காரர். அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். உடைந்த வாக்மேன், பழைய சாமான் இவற்றிலிருந்து பூச்சி மாதிரி ரோபோக்கள் செய்தார். உயிரியல், மின்னணுவியல், அழகியல், இயந்திரவியல் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து இந்த வகைக்கு 'பீம்' என்று பெயர் வைத்தார். 2004இல் பொம்மைக்கடைகளுக்கு வந்த ரோபோசேபியன் என்ற மனித உருவ பொம்மையும் அவருடைய கைவேலைதான். பையன் மேற்கொண்டு தேடிப் படிக்க 'பீம் ரோபோட்டிக்ஸ்' என்று போட்டால் போதும், வரைபடங்கள் ஏராளம்.

சரி, சாமானுக்கு வருவோம்.

முதலில் தகடு. தனி சோலார் செல்லைத் தேடி அலைய வேண்டாம். தோட்டத்தில் குத்தி வைக்கிற மலிவு சோலார் விளக்கு, பாசார் மாலாமிலும் சில்லறைச் சாமான் கடைகளிலும் கிடைக்கிறதே, அதில் இரண்டு வாங்குங்கள். பழுதானதாக யார் வீட்டிலாவது கிடந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் செத்துப்போவது உள்ளே இருக்கிற ரீசார்ஜ் பேட்டரிதான், தகடு பிழைத்திருக்கும். மூடியைக் கழற்றினால் தகடு, சின்ன போர்டு, 1.2 வோல்ட் பேட்டரி, வெள்ளை எல்.இ.டி. என்று நான்கு சாமான். தகட்டை உற்றுப் பாருங்கள், பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு துண்டுக்கு ஏறக்குறைய அரை வோல்ட் என்று எண்ணிக்கொள்ளலாம். நான்கு துண்டு என்றால் 2 வோல்ட். நமக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும் என்பதால்தான் இரண்டு விளக்கு: ஒன்றின் சிவப்புக் கம்பியை மற்றதன் கறுப்போடு சேர்த்தால் நான்கு வோல்ட் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தகடு அப்பளம் மாதிரி. பிளாஸ்டிக்கிலிருந்து கத்தி விட்டு நெம்பினால் நொறுங்கிவிடும். மூடியைச் சுற்றிலும் அறுத்து, தகட்டை அதன் பிசினோடும் பிளாஸ்டிக்கோடும் அப்படியே எடுங்கள். கம்பியை போர்டு பக்கம் வெட்டுங்கள், தகட்டுப் பக்கம் நீளமாக இருக்கட்டும். இரண்டு தகட்டைத் தொடராகப் போட்டபின் ஒன்றின் மேல் விரலை வைத்துப் பாருங்கள், மொத்த மின்சாரமும் படுத்துவிடும். தொடரில் எது குறைவாகக் கொடுக்கிறதோ அதுதான் முழு ஓட்டத்தையும் தீர்மானிக்கும். ஓர் இலை ஒரு தகட்டில் விழுந்தாலும் ரோபோ நிற்கும் என்பதைப் பையனுக்கு இந்த விரல் சோதனையிலேயே காட்டிவிடலாம்.

கால்குலேட்டரில் இருக்கும் பழுப்பு நிறத் தகட்டைப் பிய்த்துப் போடலாமா என்று எல்லாப் பையன்களும் கேட்பார்கள். அது வேறு சாதி. வீட்டு விளக்கு வெளிச்சத்தில் அது நன்றாக வேலை செய்யும், ஆனால் அதிலிருந்து வருவது கால்குலேட்டர் திரைக்குப் போதுமான துளி மட்டும். மோட்டாருக்கு ஆகாது.

அடுத்து மோட்டார். தோல்விகளில் பாதி இங்கேதான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரேஸ் கார் பொம்மையில் வரும் தட்டை முதுகு மோட்டார் சும்மா சுற்றுவதற்கே நிறைய மின்சாரம் கேட்கும். நம் மங்குப் பால் அதற்குத் தொண்டை நனையக்கூடக் காணாது. வேண்டியது சிக்கனமான மோட்டார். பழைய கணினியின் சிடி, டிவிடி பெட்டியைத் திறந்தால் தட்டை வெளியே தள்ளுவதற்கு ஒரு சின்ன மோட்டார், இரண்டே கம்பியோடு இருக்கும். அது நல்லது. அதே பெட்டியில் சிடியைச் சுற்றுகிற நடு மோட்டார் பெரிதாக, பளபளவென்று ஆசை காட்டும். அதற்கு மூன்றும் அதற்கு மேலும் கம்பி போகும், தனி டிரைவர் சர்க்யூட் இல்லாமல் அசையாது. விட்டுவிடுங்கள். பழைய கைப்பேசியின் அதிர்வு மோட்டாரும் நல்லது, ஆனால் கம்பி தலைமுடி மாதிரி. முதல் முயற்சிக்குப் பையனின் பொறுமை தாங்காது. பழைய கேசட் பிளேயர் மோட்டார் அருமையானது. ஆனால் சிலவற்றின் உள்ளேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு இருக்கும், அதை எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

எது சிக்கனமானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மீட்டர் இல்லாமலே ஒரு வழி உண்டு. இரண்டு மோட்டாரின் கம்பிகளை ஒன்றோடொன்று நேராக இணையுங்கள். ஒன்றின் தண்டை விரலால் சடாரென்று திருகுங்கள். மற்றது தானாகத் திரும்பினால் இரண்டும் நல்ல மோட்டார். திருகப்பட்ட மோட்டார் ஜெனரேட்டராக மாறி மற்றதுக்கு ஊட்டுகிறது. அந்தத் துளி மின்சாரத்துக்கே மற்றது அசைகிறது என்றால் நம் ரோபோவுக்கு வேறென்ன வேண்டும்? மல்டிமீட்டர் இருந்தால் ஓம் அளவில் வைத்து இரண்டு கம்பியையும் தொடுங்கள். 10 ஓம், அதற்கு மேல் என்றால் எடுத்துக்கொள்ளலாம். 1, 2 ஓம் காட்டினால் பொம்மைக் காருக்கே திருப்பிப் போட்டுவிடலாம்.

இந்த மாதிரிப் பெட்டிகள் கிடைக்கும் இடம் பழைய இரும்பு வாங்கும் கடைதான். கிலோ கணக்கில் வாங்கி வைத்திருப்பார்கள். ஒரு டிவிடி பெட்டிக்கு இரண்டு, மூன்று வெள்ளி கொடுத்தால் தருவார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளிலும் கழித்துப் போட்ட கணினிகள் ஸ்டோரில் தூங்கும். தலைமையாசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

பழைய சாமானைத் திறப்பதில் பையனிடம் கறாராகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு, பழைய குண்டு டிவி, கணினியின் பவர் சப்ளை பெட்டி, கேமரா பிளாஷ் — இந்த நான்கையும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாலும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட், மைக்ரோவேவிலும் குண்டு டிவியிலும் ஆயிரக்கணக்கில், தங்கியிருக்கும். நமக்கு வேண்டிய கெப்பாசிட்டருக்காக இவற்றைத் திறக்க வேண்டியதே இல்லை. கடையில் ஒன்றிரண்டு வெள்ளிக்குள் புதிதாகவே கிடைக்கும்.

அந்தக் கெப்பாசிட்டர்: 4700 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் அல்லது 10 வோல்ட். உடம்பில் ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், அந்தப் பக்கத்துக் கால் எதிர்மறை. மாற்றிப் போட்டால் சூடாகி வீங்கும், சில சமயம் வெடிக்கும். 'கெப்பாசிட்டர் பெரிதாகப் போட்டால் ரோபோ நிறைய ஓடுமே' என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். 1 ஃபாரட், 5.5 வோல்ட் என்று பொத்தான் வடிவத்தில் சூப்பர் கெப்பாசிட்டர் விற்கிறார்கள், ஆசையாக இருக்கும். வாங்காதீர்கள். அதன் உள்தடை அதிகம். பால் நிறைய இருக்கிறது, ஆனால் வாய் ஊசித் துவாரம். சொட்டாகத்தான் ஊற்ற வரும், ஒரே வீச்சில் கவிழ்க்க வராது. மோட்டார் துள்ளாது. பகலெல்லாம் சேர்த்து இரவில் ஒரு எல்.இ.டி.யை மினுக்க விடுவதற்கு அது சரி.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. 4700 மைக்ரோஃபாரட் மங்கு 2.7 வோல்ட்டில் கவிழ்ந்து 1 வோல்ட்டில் நின்றால், ஒரு துள்ளலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.015 ஜூல். பென்சில் டார்ச்சில் போடும் ஒரு ரீசார்ஜ் பேட்டரியில் இருப்பது எட்டாயிரம் ஜூலுக்கும் மேல். நாம் எவ்வளவு சின்ன காசில் குடும்பம் நடத்துகிறோம் என்று பாருங்கள்! இந்த மங்கு மறுபடி நிறைய, தகடு 20 மில்லி ஆம்பியர் கொடுக்கும் உச்சிவெயிலில் அரை விநாடிகூட ஆகாது. அதே தகட்டை வீட்டுக்குள் டியூப் லைட்டுக்கு அடியில் வைத்தால் ஒரு துள்ளலுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டி வரும். வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள்: உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். வீட்டு விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். நம் கண் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது, தகடு மறைக்காது.

சர்க்யூட்டை வாயால் சொல்கிறேன், பையன் தாளில் வரைந்துகொள்ளட்டும். டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்துக்கு வாசல் திறந்து மூடும் மூன்று கால் சாமான்; அந்தக் கால்களுக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று பெயர். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேல் கோட்டில் தகட்டின் நேர்முனை, கெப்பாசிட்டரின் நேர்முனை, மோட்டாரின் ஒரு கம்பி, 2என்3906 டிரான்சிஸ்டரின் எமிட்டர். கீழ்க் கோட்டில் தகட்டின் எதிர்முனை, கெப்பாசிட்டரின் கோடு போட்ட கால், 2என்3904 டிரான்சிஸ்டரின் எமிட்டர், மினுக்கு எல்.இ.டி.யின் குட்டைக் கால். மோட்டாரின் மற்ற கம்பி 3904இன் கலெக்டருக்கு. 3906இன் கலெக்டர் 3904இன் பேஸுக்கு. கடைசியாக 3906இன் பேஸ்: அதிலிருந்து எல்.இ.டி.யின் நெட்டைக் காலுக்கு ஒரு இணைப்பு, 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 3904இன் கலெக்டருக்கு ஒரு இணைப்பு. முடிந்தது.

இது எப்படி நேரம் பார்க்கிறது? மினுக்கு எல்.இ.டி. என்பது உள்ளே சில்லு வைத்து, தானே அணைந்து எரியும் வகை. கடையில் சிவப்பு நிறத்தில் சாதாரணமாக மினுக்குவதைக் கேளுங்கள். நிறம் மாறி மாறி ஜாலம் காட்டுவது வேண்டாம். கெப்பாசிட்டரில் வோல்ட் குறைவாக இருக்கும்வரை அது ஊமை. இரண்டரை, மூன்று வோல்ட்டை நெருங்கும்போது முதல் மினுக்கு. அந்த ஒரு மினுக்கில் இழுக்கும் மின்சாரம் 3906ஐத் தட்டி எழுப்புகிறது, அது 3904ஐ எழுப்புகிறது, அது மோட்டாருக்கு வாசலைத் திறக்கிறது. வாசல் திறந்ததும் அந்த 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் 3906ஐத் தூங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது, எல்.இ.டி. அணைந்துவிட்டாலும். கெப்பாசிட்டர் வடிந்து ஏறக்குறைய 1 வோல்ட்டுக்கு வந்ததும் பிடி நழுவி எல்லாம் அடங்குகிறது. ஒரு ரெசிஸ்டர்தான், அதற்கு இரண்டு வேலை: மங்கு நிறையும்வரை வாசலைச் சாத்தி வைப்பதும், திறந்தபின் மூடாமல் பிடிப்பதும் அதுவே. இருபது வருடமாக ஆலையில் ரிலே போர்டு பார்த்துச் சலித்த எனக்கு இந்தச் சர்க்யூட் இன்னும் சலிக்கவில்லை.

டிரான்சிஸ்டரின் தட்டைப் பக்கத்தை உங்களைப் பார்த்துப் பிடித்து, கால் கீழே இருக்கும்படி வைத்தால், 3904, 3906 இரண்டுக்கும் இடமிருந்து வலம் எமிட்டர், பேஸ், கலெக்டர். இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், நான் முதன்முதலில் செய்தபோது 3904 கிடைக்கவில்லை. ஸ்டோரில் கிடந்த பிசி547, பிசி557 போட்டேன். அவையும் அதே வேலையைச் செய்யக்கூடியவைதான். சால்டர் வைத்து முடிக்க இரவு பத்து மணி. தாழ்வாரத்தில் எல்.இ.டி. விளக்குக்கு அடியில் வைத்துக் காத்திருக்கிறேன், அசைவே இல்லை. மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். கெப்பாசிட்டரைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். மனைவி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் ஆலையில் டீ நேரத்தில்தான் உறைத்தது: அந்த பிசி வகைக்குக் கால் வரிசை தலைகீழ், கலெக்டர், பேஸ், எமிட்டர். போதாக்குறைக்கு எல்.இ.டி. விளக்கில் சோதித்தது இரண்டாவது தப்பு. சிலிக்கான் தகட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான் மிகவும் பிடிக்கும். பழைய குண்டு பல்பில் அது கொட்டுகிறது, எல்.இ.டி. விளக்கில் அறவே குறைவு. இரவில் சோதிக்க வேண்டுமானால் ஒரு பழைய குண்டு பல்பையோ ஹாலோஜன் விளக்கையோ ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். அதைவிடப் படுத்துத் தூங்கிவிட்டுக் காலை பத்து மணிக்கு முற்றத்தில் வைப்பது மேல்.

சால்டர் அயர்ன் 30 வாட் போதும். அது வாங்கக் காசு இல்லையென்றால் முதல் தடவைக்கு ஸ்க்ரூ கனெக்டரில் கம்பிகளை முடுக்கிச் செய்துவிடலாம், வயர்மேன்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். தப்பு நடந்தால் கழற்றிப் போடவும் வசதி. சால்டர் வைப்பதென்றால் காற்றோட்டமான இடம். ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

உடம்பு செய்வது பையன் பாடு, அவன் கற்பனைக்கு விட்டுவிடலாம். ஆனால் முதல் ரோபோவுக்கு நான் சொல்வது சிமெட் என்ற வடிவம். மோட்டாரை நெட்டுக்குத்தாக, தண்டு தரையைத் தொடும்படி வையுங்கள். ஒரு பெரிய கெப்பாசிட்டருக்குப் பதிலாக 2200 மைக்ரோஃபாரட்டில் மூன்றை, நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும் சேர்த்து, மோட்டாரைச் சுற்றி மூன்று பக்கமும் கால் போல வைக்கலாம். தலைமேல் தகடு. தண்டு நுனிக்கு, மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையை ஒரு சென்டிமீட்டர் உருவிச் செருகினால் டயர் ஆகிவிடும். ரோபோ தண்டிலும் ஏதாவது ஒரு பக்கத்துக் காலிலும் சாய்ந்து நிற்கும். துள்ளும்போது தண்டு தரையை உதைத்து உடம்பைத் தள்ளும். சுவரில் முட்டினால் வேறு காலுக்குச் சாய்ந்து வேறு திசையில் போகும். திசை மாற்ற மூளை தேவைப்படவில்லை, சாய்வே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. சிமெந்துத் தரை, அஞ்சடி நடைபாதை, கேரம் பலகை நல்ல ஓட்டக்களம். புல்லில் விடாதீர்கள்.

வெயிலைப் பற்றி நம் ஊருக்கென்று சிலது. வெளிநாட்டுக் குறிப்புகளில் தகட்டைத் தெற்கே சாய்த்து வை என்று போட்டிருக்கும். அது கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரி. சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் பாதியிலும் சூரியன் நண்பகலில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே வரும். மற்ற மாதங்களிலும் அதிகம் விலகாது. ஆகவே தகடு மல்லாந்து படுத்திருப்பதே நமக்கு லாபம், ரோபோ எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளிச்சம் ஒன்றே. செம்பனை நிழலும் ரப்பர் நிழலும் ஆகாது. பத்திலிருந்து இரண்டு மணிவரை விளையாடட்டும், அதற்கு மேல் எப்படியும் மழை இருட்டிக்கொண்டு வரும்.

தோட்டத்துச் செம்மண் தூசியைத் துடைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பையன் சலித்துக்கொண்டால் செவ்வாய்க் கிரகத்துக் கதை சொல்லலாம். நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி வண்டி 2004இல் தொண்ணூறு நாள் வேலைக்கென்று அங்கே இறங்கி, பதினான்கு வருடம் சூரிய ஒளியில் ஓடியது. 2018இல் வந்த புழுதிப் புயல் வெயிலை மறைத்ததும் அடங்கிப்போனது. அதற்கு முன்னால் 1997இல் இறங்கிய சோஜர்னர், பத்தரைக் கிலோ கனம், உச்சிவெயிலிலேயே 16 வாட்தான் கிடைத்தது. விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம். பையனின் ரோபோ ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிடும்.

நல்ல வெயிலில் ஒரு விசித்திரம் நடக்கலாம்: நிழலில் துள்ளுகிற ரோபோ உச்சிவெயிலில் கப்பென்று நின்றுவிடும். பழுது இல்லை. தகடு கொடுப்பது அதிகமாகி, கெப்பாசிட்டர் 1 வோல்ட்டுக்குக் கீழே வடியவே வழியில்லாமல் போய், வாசல் திறந்தபடியே மாட்டிக்கொள்கிறது. தகட்டை ஒரு விநாடி கையால் மறைத்தால் விடுபடும். அடிக்கடி நடந்தால் தகட்டின் ஒரு ஓரத்தில் கறுப்பு டேப் ஒட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். வெயிலை மிச்சம் பிடிக்கச் சொல்லிவிட்டு இப்போது மறைக்கச் சொல்கிறானே என்று சிரிக்காதீர்கள், உண்மை அதுதான்.

செலவு: விளக்கு இரண்டு, பத்துப் பன்னிரண்டு வெள்ளி. மோட்டாருக்காக டிவிடி பெட்டி, மூன்று. டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், எல்.இ.டி., கெப்பாசிட்டர் எல்லாம் சேர்த்து ஐந்து. டிரான்சிஸ்டரை மட்டும் நாலைந்தாக வாங்குங்கள், ஒன்றிரண்டைச் சுட்டுவிடுவான். மீதியில் ஒரு சால்டர் அயர்ன், காசு மிஞ்சினால் மலிவு மல்டிமீட்டர். ஈப்போவில் கிடைக்காத சில்லறைச் சாமான் ஷாப்பியில் கிடைக்கும். கோலாலம்பூர் போகிற வேலை இருந்தால் புடுவில் ஜாலான் பாசார், அந்தத் தெரு முழுக்க எலக்ட்ரானிக்ஸ் கடைதான். பையனைக் கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வர மாட்டான்.

இது ஓடியபின், இதே சர்க்யூட்டை இரண்டாகச் செய்து, வலம் ஒரு மோட்டார் இடம் ஒரு மோட்டார் வைத்து, ஒளியைப் பார்க்கும் இரண்டு கண் பொருத்தினால் வெளிச்சத்தைத் தேடிப் போகும் ரோபோ. இடக்கண் வலமோட்டாருக்கு, வலக்கண் இடமோட்டாருக்கு என்று குறுக்காக இணைக்க வேண்டும். இடப்பக்கம் வெளிச்சம் கூடினால் வலச்சக்கரம் வேகமாகச் சுற்றி இடப்பக்கம் திருப்பிவிடும். நேராக இணைத்தால் வெளிச்சத்தைக் கண்டு ஓடி ஒளியும், கரப்பான் மாதிரி. அதற்கு மினுக்கு எல்.இ.டி. அவ்வளவு பொருத்தமில்லை, வோல்ட்டைக் கவனிக்கும் மூன்று கால் சில்லு வேண்டும். முதல் ரோபோ ஓடட்டும், அப்புறம் எழுதுங்கள், அதை விரிவாகச் சொல்கிறேன். ஆர்டுயினோவையும் நான் வெறுப்பவன் இல்லை. பள்ளியில் ஆர்.பி.டி. (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துக்குத் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம். பினாங்கில் இருக்கும் சைட்ரோன் என்ற கடையில் ரோபோ சாமான் எல்லாம் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. வெயிலில் விட்டுவிட்டு உள்ளே டீ குடிக்கப் போக வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். என் முதல் ரோபோ முற்றத்தில் அரை மணி நேரம் அழகாகத் துள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதைப் பெரிய வண்டு என்று நினைத்துவிட்டது. முதல் கொத்திலேயே எல்.இ.டி. போய்விட்டது.